14,999 ரூபா புரமோஷன் பேக்கேஜ்: அம்மா கம்மல அடகு வெக்கலாமா?

பம்பைவூட்டுப்பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பள்ளிகொண்டா பக்கம் ஒரு கிராமம். வயசு 23. ஆம்பூர் ரோட்டுல ஒரு ஷூ கம்பெனில அப்பர் தைக்கிற செக்‌ஷன்ல வேலை பாக்கறேன். எங்க நைனா பம்பை வாசிக்கிறவர். ஆடி மாசம் கூழ் ஊத்தற திருவிழா ஆரம்பிச்சிட்டா எங்க வூட்ல யாருக்கும் தூக்கம் கெடையாது, ஒரு ராத்திரிக்கு ஒரு ஊரு. நான் சின்ன வயசுல உடுக்கை புடிச்சிக்கினு அவரோட சுத்தினவன். இப்ப பாடறேன்.

பாலாத்தப் பத்தி நானே ஒரு பாட்டு எழுதி மெட்டு போட்டேன். நைனா பம்பை, சித்தப்பா சிலம்பு, ஃப்ரெண்டு ஒருத்தன் கீபோர்டு. காட்பாடில ஒரு ஸ்டுடியோல மூணு மணி நேரம் எடுத்தோம், மிக்ஸிங்கோட சேத்து 6,500 ஆச்சு. யூடியூப்ல போட்டு மூணு வாரம் ஆவுது. 412 வியூ. அதுல பாதி எங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புதான். ஸ்பாட்டிஃபை அந்த மாதிரி பாட்டு கேக்கற ஆப்புல இன்னும் ஏத்தல.

போன வாரம் இன்ஸ்டால ஒரு மெசேஜ். "ப்ரோ உங்க வாய்ஸ்ல ஒரு ஃபயர் இருக்கு, எங்க டீம் உங்கள செலக்ட் பண்ணிருக்கு"ன்னு. மியூசிக் புரமோஷன் ஏஜென்சியாம், ஆபீஸ் சென்னையாம். 14,999 ரூபா, ஜிஎஸ்டி தனி. அதுக்கு 1 லட்சம் வியூ (நூறு சதவீதம் ஒரிஜினல் ஆடியன்ஸாம்), ஸ்பாட்டிஃபைல 25 ப்ளேலிஸ்ட்டுல (பாட்டுத் தொகுப்புல) எடம், இன்ஸ்டா பேருக்குப் பக்கத்துல நீல டிக், 50 நியூஸ் வெப்சைட்டுல என்னப் பத்தி கட்டுரை. கடைசியா, ஒரு பெரிய மியூசிக் டைரக்டர் ஆபீஸ்ல என் பாட்ட போட்டுக் காட்டுவாங்களாம். ஆஃபர் இன்னிக்கு நைட் 12 மணியோட முடியுதாம்.

எனக்கு மாச சம்பளமே 13,000. அம்மாகிட்ட சொன்னேன். "கம்மல வெச்சிக்கோ, ஆடி முடிஞ்சி நைனா கைக்கு காசு வந்ததும் மீட்டுக்கலாம்"னு கழட்டியே குடுத்துட்டாங்க. நைனாகிட்ட இன்னும் சொல்லல. நம்ம பக்கம் யாராவது இந்த மாதிரி கட்டியிருக்கீங்களா? கட்டலாமா?

.

தொரப்பாடி_ஆர்மோனியம் எழுதியது:

தம்பி, கம்மல அம்மா காதுல திரும்ப மாட்டிட்டு வந்து மீதியப் படி.

நான் கட்டினவன். 2024 ஆடி. எனக்கு அப்ப வயசு 41, பத்தொம்பது வருஷமா ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு, பகல்ல பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. எங்க தெரு மாரியாத்தா மேல ஒரு பாட்டு போட்டேன். உனக்கு வந்த அதே மெசேஜ்தான் எனக்கும் வந்துச்சு, உனக்கு "ஃபயர்", எனக்கு "டிவைன் வைப்". மொதல்ல 9,999 வாங்கினான். நாலாம் நாளு "பாட்டு பிக்கப் ஆயிடுச்சு சார், இப்ப விட்டா அமுங்கிடும், டாப்-அப் பண்ணுங்க"ன்னு 12,500. அப்புறம் "வைரல் ஸ்டேஜ்"னு 16,000. மொத்தம் 38,499. இத நான் எங்கயும் எழுதி வெக்கல, மனப்பாடம்.

ஏன் ரெண்டாவது, மூணாவது வாட்டி குடுத்தேன்னு கேப்ப. கண்ணு முன்னாடி நம்பர் ஏறுது பா. மொத நாளே 6,000, ஒம்போதாம் நாளு 52,000. ஆற்காட்டுக்குப் போயி மக்கன் பேடா வாங்கியாந்து தெரு முழுக்கக் குடுத்தேன். கோயில் தர்மகர்த்தா மைக்குல பேரச் சொன்னாரு. அந்த நெலைமைல ஒருத்தன் வந்து இன்னும் 16,000 குடுன்னா, குடுக்காம எப்டி இருக்க முடியும்?

யூடியூப் ஸ்டுடியோ ஆப்ப தொறந்து பாக்கணும்னு எனக்கு தோணவே இல்ல. என் அக்கா பையன், விஐடில படிக்கிறவன், அவன்தான் பாத்துட்டு "மாமா, பாட்டு அஞ்சு நிமிஷம் 12 செகண்டு, சராசரியா ஒருத்தர் கேட்டது ஏழு செகண்டு"ன்னான். ஏழு செகண்டுல என் பாட்டுல உடுக்கை கூட ஆரம்பிக்கல. 52,000 வியூவுக்கு 31 லைக். கமெண்ட்டு மட்டும் அறுபது சொச்சம், எல்லாம் "நைஸ் வீடியோ", "வெரி குட் சார், கீப் இட் அப்". மாரியாத்தா பேர ஒருத்தனும் எழுதல. ஆத்தா பாட்டுக்குக் கீழ "ஓம் சக்தி"ன்னு ஒரு கமெண்ட்டு கூட இல்லன்னா அத மனுஷன் கேக்கலன்னு அர்த்தம். அது எனக்கே புரிஞ்சிருக்கணும்.

ஸ்பாட்டிஃபைல ஆர்ட்டிஸ்டுக்குன்னு தனி ஆப்பு ஒண்ணு இருக்கு, எந்த ஊர்ல எத்தன பேர் கேட்டாங்கன்னு காட்டும். எனக்கு மொத இடம் ஹெல்சிங்கி. பின்லாந்து. எங்க தெரு மாரியாத்தாவுக்கு அங்க ஆறாயிரம் பக்தருங்க! ரெண்டாவது இடத்துல இருந்த ஊரு பேர என்னால இன்னும் வாய்ல சொல்ல முடியல. வேலூரு பதினேழாவது.

ரெண்டு மாசம் கழிச்சி, ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்புல பாட்ட ஏத்திக் குடுத்த விநியோகக் கம்பெனிலேர்ந்து மெயில். செயற்கையா ஓட்டின ஸ்ட்ரீம் (பாட்டு ஓடின கணக்கு) கண்டுபிடிச்சிருக்கு, பாட்ட எடுத்துட்டோம், அபராதம் உன் கணக்குல கழிச்சிட்டோம்னு. 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபை அப்டி ஒரு விதி வெச்சிருக்கு. அப்பட்டமா பொய்க் கணக்கு ஓடின பாட்டுக்கு, பாட்டுக்கு இவ்ளோன்னு விநியோகஸ்தர்கிட்ட தண்டம் வாங்கும், அவங்க அத நம்ம தலைல இறக்குவாங்க. நான் எந்த பாட்டையும் ஓட்டல, ஓட்டினவன் ஏஜென்சிக்காரன். மாட்டினது என் பேரு. யூடியூப்ல 52,000 இருந்தது ஒரு நாள் காலைல பாத்தா 3,100.

காசு போனதக் கூட மறந்துட்டேன். திருவிழாவுக்கு வந்துட்டு போனவங்க, மெட்ராஸ்ல இருக்கிற ஊர்க்காரங்க, அந்த லிங்க்க நெஜமாவே கேட்டுக்கினு இருந்தவங்க ஒரு நானூறு பேர் இருப்பாங்க. "பாட்டு இல்லன்னு காட்டுது அண்ணே"ன்னு ஃபோன் பண்ணாங்க. அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?

இப்ப உன் பேக்கேஜுக்கு வரேன்.

1 லட்சம் வியூ. ரெண்டு விதமா பண்ணுவான். ஒண்ணு மிஷின் ஓட்டறது, எனக்குப் பண்ணது. இன்னொண்ணு கூகுள் ஆட்ஸ்ல உன் வீடியோவ விளம்பரமா ஓட்டறது, அது கள்ளம் கெடையாது. ஆனா எங்க சீப்பா கெடைக்குதோ அந்த நாட்டுல ஓட்டிட்டு, ஆன செலவுக்கு மேல பல மடங்கு உன்கிட்ட கறப்பான். அதுல இன்னொரு சங்கதியும் கீது. யூடியூப்ல காசு வர 1,000 சப்ஸ்க்ரைபர், பன்னெண்டு மாசத்துல 4,000 மணி நேரம் பாத்திருக்கணும்னு சொல்றாங்க இல்ல, அந்த 4,000 மணிக் கணக்குல விளம்பரமா ஓடினது சேராது. ஏஜென்சிக்காரன் இத வாயத் தொறந்து சொல்ல மாட்டான்.

விளம்பரம் ஓட்டித்தான் ஆவணும்னா நீயே ஓட்டு. போன மாசி மாசம் என் ரெண்டாவது பாட்டுக்கு நான் 600 ரூபா போட்டேன். மயானக் கொள்ளைக்கு ஒரு வாரம் முன்னாடி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டம் மட்டும்னு குறிச்சேன். ஒரு வியூவுக்கு பைசாக் கணக்குலதான் ஆச்சு. வந்தவங்கள்ல பாதிப் பேர் ரெண்டு நிமிஷம் தாண்டி கேட்டாங்க, விரிஞ்சிபுரத்துலேர்ந்து ஒருத்தர் கமெண்ட்டுல நம்பர் கேட்டாரு, திருவிழாவுக்கு புக் பண்ணாரு. 600 ரூபாய்க்கு அது போதும் எனக்கு.

25 ப்ளேலிஸ்ட். ஸ்பாட்டிஃபையே சொல்லுது, எங்க ப்ளேலிஸ்ட்டுல எடத்த யாரும் விக்க முடியாது, எடம் உறுதின்னு எவன் சொன்னாலும் நம்பாதேன்னு. காசு வாங்கிக்கினு சேக்கிற தனியார் ப்ளேலிஸ்ட்டுல நெறைய எடத்துல மிஷின்தான் கேக்குது. ஸ்பாட்டிஃபையோட சொந்த எடிட்டருங்களுக்கு பாட்ட அனுப்ப ஃபீஸ் கெடையாது. அந்த ஆர்ட்டிஸ்ட் ஆப்புலயே வழி கீது, ரிலீஸுக்கு கொறஞ்சது ஏழு நாள் முன்னாடி அனுப்பணும், வெளிய வந்த பாட்ட அனுப்ப முடியாது. நீ இன்னும் அங்க ஏத்தல இல்ல? அதுதான் உன் நல்ல நேரம். ரிலீஸ் தேதிய மூணு வாரம் தள்ளி வெச்சி ஏத்து, பாட்டு அந்த ஆர்ட்டிஸ்ட் ஆப்புல தெரிஞ்சதும் பம்பை, சிலம்பு, பாலாறு, வேலூர் பக்கத்துப் பாட்டுன்னு வெவரமா எழுதி அனுப்பு. எடுப்பாங்களான்னு கேட்டா, எடுக்காம போறதுக்குத்தான் நெறைய வாய்ப்பு. காசு போகாது, அவ்ளோதான்.

இன்னொரு பயம் காட்டுவான் பாரு. "பன்னெண்டு மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டலன்னா ஸ்பாட்டிஃபை ராயல்டியே குடுக்காது ப்ரோ, அதுக்குத்தான் நாங்க." விதி உண்மைதான், அதுவும் 2024லேர்ந்து வந்ததுதான். ஆனா கணக்கு போடு. 1,000 ஸ்ட்ரீமுக்கு வர்ற காசுல ரெண்டு பேர் பிரியாணி சாப்ட முடியாது. அதுக்கு 15,000 குடுப்பியா?

நீல டிக்கு: இன்ஸ்டாவுக்கு வேணும்னா 2023லேர்ந்து மெட்டா கம்பெனியே மாச சந்தாவுக்கு நேரா குடுக்குது. நடுவுல ஆள் எதுக்கு?

50 நியூஸ் வெப்சைட்டு: எனக்கும் போட்டான். ஒரே பாரா ஐம்பது எடத்துல. அதுல நான் "வெல்லூர்" ஊர்க்காரன். இது வரைக்கும் அதப் படிச்ச ஒரே ஆள் நான்தான்.

மியூசிக் டைரக்டர் ஆபீஸு: அத நீயே யோசிச்சிக்கோ.

.

காட்பாடி_மிக்ஸிங் எழுதியது:

ஆர்மோனியம் அண்ணன் சொன்னதுல எனக்கு சேக்க ஒண்ணுதான் இருக்கு, ஆனா அது பெருசு. ப்ரோ, அந்த ஏஜென்சிக்காரன் உனக்கு ஒரு கூகுள் ஃபார்மோ பிடிஎஃப் ஒப்பந்தமோ அனுப்பியிருப்பான். கையெழுத்து போட்டுட்டியா? அத மொதல்ல சொல்லு.

என் ஸ்டுடியோவுக்கு வர்ற பசங்கள்ல ரெண்டு பேருக்கு இப்டி ஆச்சு. புரமோஷன் ஒப்பந்தம்னு நெனச்சி போட்ட பேப்பர்ல, நாலாவது பக்கத்துல, பாட்டோட எல்லா உரிமையும் நிரந்தரமா உலகம் பூரா அவனுக்குன்னு இருந்துச்சு. அப்புறம் அவன் யூடியூப் கன்டென்ட் ஐடில, அதாவது ஒரு பாட்டு யார் வீடியோல வந்தாலும் கண்டுபுடிக்கிற ஏற்பாட்டுல, பாட்ட தன் பேர்ல பதிஞ்சிட்டான். பையன் தன் சொந்தப் பாட்ட கல்யாணத்துல பாடி வீடியோ போட்டா, விளம்பரக் காசு எவனுக்கோ போவுது. சொந்த வூட்டுக்கு வாடகை குடுக்கற மாதிரி.

பதிப்புரிமைச் சட்டம் 1957ல 19ஆவது பிரிவ தெரிஞ்சி வெச்சிக்கோ. உரிமைய மாத்திக் குடுக்கறதுன்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எந்தெந்த உரிமை, எவ்ளோ காலம், எந்த நாடு, எவ்ளோ காசுன்னு இருக்கணும். காலம் எழுதலன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும், நாடு எழுதலன்னா இந்தியா மட்டும். அதனாலதான் அவன் "நிரந்தரம்", "உலகம் முழுதும்"னு மறக்காம எழுதறான், சட்டம் படிச்சவன். 2012ல திருத்தம் வந்துச்சு, பாட்டெழுதினவரும் மெட்டு போட்டவரும் ராயல்டில தன் சமபங்க விட்டுக் குடுக்கறேன்னு எழுதிக் குடுத்தாலும் செல்லாது. உன் பாட்டுல ரெண்டுமே நீதான். உங்க நைனாவுக்கும் உரிமை இருக்கு, வாசிச்சவர்ங்கற முறைல, 50 வருஷத்துக்கு. அவர்கிட்ட இத சொல்லிப் பாரு, சிரிப்பார்.

புரமோஷன் பண்றவனுக்கு உன் பாட்டுல எந்த உரிமையும் தேவையில்ல. சுவத்துல போஸ்டர் ஒட்றவன் வூட்டுப் பத்திரத்தக் கேட்டா குடுப்பியா?

ஜிஎஸ்டி தனின்னு சொல்றான்ல, நம்பர் கேளு. பதினஞ்சு எழுத்து இருக்கும். மொத ரெண்டு எண் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி வெப்சைட்டுல போட்டா யார் பேர்ல இருக்கு, இன்னா நெலமைல இருக்குன்னு காட்டும், லாகின் வேணாம். பணம் தனி ஆள் பேர்ல இருக்கிற யுபிஐக்கு அனுப்பச் சொன்னான்னா அங்கயே நிறுத்திக்கோ.

.

நவ்லாக்_குரல் எழுதியது:

எல்லாரும் ஒரேடியா பயமுறுத்தாதீங்க. நான் காசு குடுத்து புரமோஷன் பண்ணேன், பலன் இருந்துச்சு. ஆனா பாருங்க, நான் எதுக்குக் குடுத்தேன்னு.

எனக்கு ராணிப்பேட்டை. கல்யாண ரிசப்ஷன்ல பாடறேன், சர்ச் கொயர்லயும் பாடறேன். போன கிறிஸ்துமஸுக்கு நானே ஒரு பாட்டு போட்டேன். நம்ம ஊர் செய்தி, எங்க மழை பெய்யுது, எங்க பிரியாணி நல்லாருக்குன்னு போடற ஒரு இன்ஸ்டா பக்கம் இருக்கு. அந்த தம்பி நேர்ல தெரிஞ்ச ஆள். 800 ரூபா வாங்கிக்கினு என் பாட்டுல நாப்பது செகண்ட ரீலா போட்டான். எத்தன பேர் பாப்பாங்கன்னு கேட்டேன். "தெரியாதுக்கா, பழைய ரீல் கணக்கு காட்றேன், நீங்களே பாத்துக்கோங்க"ன்னான். அந்த "தெரியாது"தான் எனக்கு நம்பிக்கை குடுத்துச்சு. வாலாஜாவுலேர்ந்து ஒரு ரிசப்ஷன், சோளிங்கர்லேர்ந்து ஒண்ணு வந்துச்சு. ரெண்டுலயும் சேத்து 800 மாதிரி பல மடங்கு எடுத்துட்டேன்.

ஏமாந்த கதையும் இருக்கு, கொஞ்சத்துல தப்பிச்சது. "படத்துல பாட சான்ஸ், ஒரு பல்லவி மட்டும், ரெக்கார்டிங் செலவுக்கு 60,000 நீங்க போடணும்"னு ஒருத்தன். படத்துக்கு பேர் கேட்டா "இன்னும் வெக்கல மேடம்". ராத்திரி பத்தரைக்குத்தான் கூப்புடுவான். ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஃபோன எடுத்தார், கட் பண்ணிட்டான், அப்புறம் வரவே இல்ல. பொம்பள பசங்க யாராவது இத படிச்சா, ஃபோன வீட்ல யார்கிட்டயாவது குடுத்துப் பாருங்க. காசு கேக்கற ஆளா வேற எதுக்கோ கூப்புட்ற ஆளான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

தம்பி, உங்க அம்மா கம்மலுக்கு என் ஓட்டும் "வேணாம்"தான்.

.

கூத்துவாத்தியார்_பேரன் எழுதியது:

தாத்தா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன். அவருக்கு 72 வயசு, அணைக்கட்டு பக்கம், அம்பது வருஷமா தெருக்கூத்து.

"தம்பி பம்பைக்காரர் மவன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். எங்க தொழில்ல கூத்து வெக்கிறவன் ஊர் கூடி வெத்தல பாக்கோட முன்பணம் வெச்சி எங்கள கூப்புடுவான். நாங்க எவனுக்கும் குடுத்து ஆடினது கெடையாது. என்கிட்டயும் வந்தானுங்க. விருதாம், ஷீல்டும் பொன்னாடையும் மேடைல குடுப்பாங்களாம், 7,500 நான் கட்டணுமாம். நான் சொன்னேன், எட்டு மணி நேரம் கிரீடம் கட்டிக்கினு துரியோதனன் ஆடறவன் நானு, பொன்னாடைக்கு நான் காசு குடுத்தா அந்த துரியோதனனே சிரிப்பான்னு.

கவர்மெண்ட்டுல கலை பண்பாட்டுத் துறை கீது, மாவட்டக் கலை மன்றம் மூலமா வருசா வருசம் விருது குடுக்கறாங்க. பதினெட்டு வயசு வரைக்கும் கலை இளமணி, 19லேர்ந்து 35க்கு கலை வளர்மணி, அப்புறம் சுடர்மணி, நன்மணி, 65 தாண்டினா முதுமணி. மனு போடறதுதான் வேல, பணம் கட்டறது இல்ல. உனக்கு வளர்மணி, உங்க நைனாவுக்கு வயசப் பொறுத்து. நம்ம பக்கத்துக்கு காஞ்சிபுரத்துல மண்டல மையம். உங்க நைனா நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல பதிஞ்சிக்கினாரா? இல்லன்னா மொதல்ல அதப் பண்ணச் சொல்லு. கலைஞர்னு ஒரு அட்டை கைல இருந்தா நல்லது."

தாத்தா இன்னும் பேசிக்கினு இருக்கார். நான் இதோட நிறுத்திக்கறேன்.

.

பம்பைவூட்டுப்பையன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு நாள் ஷிஃப்ட்டு மாறி மாறி வந்ததால உடனே எழுத முடியல.

மிக்ஸிங் அண்ணா, ஃபார்ம் வந்துச்சு, கையெழுத்து போடல. திரும்பப் படிச்சேன். நீங்க சொன்ன அதே வார்த்தை இருந்துச்சு, நாலாவது பக்கத்துல இல்ல, ஆறாவதுல.

ஜிஎஸ்டி நம்பர் கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சி ஒண்ணு அனுப்பினான். 07ல ஆரம்பிச்சிது. பாத்தா அது டெல்லி. வெப்சைட்டுல போட்டா ஏதோ எலக்ட்ரிக்கல் சாமான் விக்கிற பேரு, ரத்தாயிடுச்சுன்னு காட்டுச்சு. சென்னை ஆபீஸ்னு சொன்னீங்களேன்னு கேட்டேன். "ஹெட் ஆபீஸ் டெல்லி ப்ரோ"ன்னான். எந்த ப்ளேலிஸ்ட்டுன்னு கேட்டேன், "அது சீக்ரெட்". விளம்பரம் ஓட்டினா கூகுள் ரிப்போர்ட்டு காட்டுவீங்களான்னு கேட்டேன். அதுக்கு பதிலா வெல 7,499க்கு வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் 2,999. நேத்து "ட்ரையலுக்கு 999 மட்டும் ப்ரோ, உங்க டேலன்ட்டுக்காக". நைட் 12 மணி ஆஃபர் இன்னும் முடியல.

கம்மல் அம்மா காதுல கீது. நைனாவுக்கு விஷயம் தெரிஞ்சி போச்சு. திட்டுவார்னு நெனச்சேன். "பதினஞ்சாயிரத்துக்கு ரெண்டு ஜோடி பம்பை வாங்கலாம்டா"ன்னுட்டு போயிட்டார். 50 வருஷ உரிமையச் சொன்னேன், அண்ணா சொன்ன மாதிரியே சிரிச்சார்.

ஒரு கேள்வி. எங்க கம்பெனில ஒரு பையன் வேற ஏஜென்சிக்கு 5,000 கட்டிட்டான், முந்தாநேத்து. அவன் இன்னா பண்ணணும்?

.

தொரப்பாடி_ஆர்மோனியம் எழுதியது:

இன்னிக்கே 1930க்கு ஃபோன் பண்ணச் சொல்லு. பணம் ஆன்லைன்ல ஏமாந்தா கூப்புட்ற நம்பர் அது, சைபர் கிரைம் வெப்சைட்டுலயும் புகார் பதியலாம். யுபிஐ பரிவர்த்தனை எண், சாட் ஸ்கிரீன்ஷாட்டு, அவன் இன்ஸ்டா பேரு எல்லாம் எடுத்து வெச்சிக்கச் சொல்லு, பிளாக் பண்ணிட்டு ஓடிட்டா சாட்டு போயிடும். பேங்குலயும் சொல்லணும். எவ்ளோ சீக்கிரம் சொல்றமோ அந்தளவுக்கு பணத்த நடுவுல நிறுத்த வழி. நான் ரெண்டு மாசம் கழிச்சிப் போனேன், வெக்கத்துல. புகார் எண் கெடச்சுது, பணம் கெடைக்கல. அந்தப் பையன் வெக்கப்பட்டுக்கினு ஒக்காந்திருந்தான்னா நீ கூட்டிக்கினு போ.

மெஷின் ஸ்ட்ரீம் ஏற ஆரம்பிச்சிட்டா விநியோகக் கம்பெனிக்கும் அவனே முன்னாடி மெயில் போட்டுடணும், இது நான் பண்ணல, இன்ன ஆள்கிட்ட ஏமாந்தேன்னு. நான் அது பண்ணியிருந்தா பாட்டு தப்பிச்சிருக்கலாம், தப்பிக்காமலும் இருக்கலாம்.

அப்புறம் ஒண்ணு. இத்தன பேர் இத்தன எழுதிட்டோம். உன் பாட்டு லிங்க்க நீ இன்னும் போடவே இல்லியே தம்பி?

.

பம்பைவூட்டுப்பையன் எழுதியது:

கூச்சமா இருந்துச்சு அண்ணா. அதுக்குத்தான் ஏஜென்சிய தேடினேன்னு இப்ப தோணுது, வேற யாராவது நமக்காக கேட்டுக் குடுத்துடுவாங்கன்னு. கீழ லிங்க் போட்டிருக்கேன்.

.

நவ்லாக்_குரல் எழுதியது:

கேட்டேன் தம்பி. ரெண்டாவது சரணத்துல தொண்டைய இழுக்காத, மேல போவும்போது கீச்சுன்னு வருது. மத்தபடி என் பெரிய பொண்ணு அதயே ரெண்டு நாளா முணுமுணுத்துக்கினு கீறா.

.

தொரப்பாடி_ஆர்மோனியம் எழுதியது:

கடைல ஜெராக்ஸ் மிஷின் சத்தத்துல ஒரு வாட்டி, வூட்ல ஹெட்ஃபோன்ல ரெண்டு வாட்டி கேட்டேன். நல்லா கீது பா. ஒரு குறை. கீபோர்டு தூக்கலா கீது, கீபோர்டுக்காரன் நானே சொல்றேன். 1:50ல உங்க நைனா தனியா ஒரு சுத்து வாசிக்கிறாரே, அந்த எடத்துல பம்பை பின்னாடி போயிக் கெடக்குது. ஸ்பாட்டிஃபைல ஏத்தறதுக்கு முன்னாடி காட்பாடி ஸ்டுடியோகாரர்கிட்ட சொல்லி அத மட்டும் முன்னாடி கொண்டாந்து திரும்ப மிக்ஸ் பண்ணச் சொல்லு. 500 ரூபா கேப்பார். அத நான் ஜிபே பண்றேன், நம்பர் அனுப்பு.